பெயர் காட்டாத வட்டம்

யூரோப்பாவில் காலை மணி அடித்ததும் யாரும் பல் துலக்கப் போவதில்லை. முதலில் உலாவியைத் திறந்து, தங்கள் வீட்டுக்கு அடியில் இருக்கும் பனியைப் பார்ப்பார்கள். வியாழனின் அந்த நிலாவில் ஊர் மொத்தமும் பனிக்கட்டியின்மேல் நின்றது. அதற்குக் கீழே இருண்ட கடல்.

பனியின் நேரடிப் படத்துக்குக் குறிபடம் என்று பெயர். விரிசல் கண்டவர் படத்தில் வட்டம் போட்டுக் குறிப்பு எழுத வேண்டும். உடனே ஓர் இயந்திர ஊர்தி அங்கே போய், அதே வட்டத்தை ஒளியால் பனியில் வரையும். அலுவலகம் குறிப்பைப் படித்து 'முடிக்கலாம்' பொத்தானை அமுக்கினால், ஊர்தி வட்டத்துக்குள் ஒரு டிக் போட்டு, விரிசலை அடைக்கும் கொதிக்கும் குழம்பை ஊற்றிவிடும். நம் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? எதிர்வீட்டுக்காரர் குப்பை வைத்த இடத்துக்கும் வட்டம் போட்டார்கள்.

குறிபடத்தைச் சரிபார்க்கும் பொற்கொடி அன்று வடக்கே, ஆளில்லாத பனியில் ஒரு வட்டத்தைக் கண்டாள். தொட்டுப் பார்த்தும் அது போட்டவர் பெயரைக் காட்டவில்லை. குறிப்புகள் அனைத்தையும், ஊர்தி வரைந்த ஒளியையும் படத்திலிருந்து மறைத்துப் பார்த்தாள். மற்ற வட்டங்கள் மறைந்தன, அது மட்டும் இருந்தது. அப்படியானால் அது படத்தின்மேல் போட்டதல்ல, ஊர்தி வரைந்ததும் அல்ல. பனிக்கு அடியிலிருந்து யாரோ ஒளியால் வரைந்திருக்கிறார்கள்.

பக்கத்தில் ஒரு வட்டம் போட்டாள். ஊர்தி போய் வரைந்தது. சற்று நேரத்தில் கீழே இரண்டு வட்டங்கள் மலர்ந்தன. அவள் மூன்று போட்டாள், நான்கு வந்தன. அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இத்தனை கோடி மைல் தாண்டி வந்த மனிதருக்கு, கடைசியில் ஒருவர் பதில் சொல்லிவிட்டார்.

'இங்கே உயிர் இருக்கிறது. எதையும் ஊற்றாதீர்கள்' என்று குறிப்பு எழுதிவிட்டு, நிர்வாகி ஞானசிகாமணியிடம் ஓடினாள். அவர் கெட்டவர் அல்ல. ஆய்வுக்குழு வரும் நாளில் முடிக்கப்படாத குறிப்பு ஒன்றுகூட இருக்கக் கூடாதே என்ற கவலை அவருக்கு.

"சார், வடக்குக் குறிப்பைப் படிச்சீங்களா?"

"படிக்க ஏதும்மா நேரம்? எல்லாத்தையும் சேர்த்து ஒரே அமுக்கா அமுக்கிட்டேன். இப்போ படம் எவ்வளவு சுத்தமா இருக்கு பாரு."

அவள் தடுப்பதற்குள் ஊர்தி அந்த வட்டங்களுக்கு டிக் போட்டு, குழம்பை ஊற்றி முடித்திருந்தது. பனிக்கு அடியில் எல்லா ஒளியும் அணைந்தது. அன்று முழுவதும் பொற்கொடி புதிதுபுதிதாக வட்டம் போட்டுப் பார்த்தாள். பதில் இல்லை.

மறுநாள் காலை மணி அடித்தது. உலாவியைத் திறந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். ஊரையே சுற்றி, கண்கொள்ளாத அழகோடு, ஒரு மாபெரும் ஒளி வட்டம். பொற்கொடி பதறிப்போய்த் தனக்குத் தெரிந்த எல்லா மொழிகளிலும் குறிப்பு எழுதத் தொடங்கினாள்.

கீழே இருந்தவர்களும் அதைப் படிக்கவில்லை. வட்டத்துக்குள் மெல்ல ஒரு டிக் விழுந்தது.