பெயரில்லாத மூன்றாவது வரி

நிற்க வேண்டிய மென்பொருள் பில்ட் நிற்காமல் ஓடி முடிந்திருந்தது. திரையில் பச்சை. சிவேந்திரனுக்கு நம்பிக்கை வரவில்லை. அவன் எழுதிய எதுவும் முதல் தடவையே பச்சை காட்டிய சரித்திரம் கிடையாது.

நோன்புப் பெருநாளான ஹரி ராயாவின் இரண்டாம் நாள். தீபாவளிக்கு மலாய்க்கார நண்பர்கள் ஆபீசைப் பார்த்துக்கொள்வார்கள், ராயாவுக்குத் தமிழர்களான இவர்கள். அதனால் பிரிக்பீல்ட்ஸ் மாடி ஆபீசில், கீழே பூக்கடையிலிருந்து ஏறிவந்த மல்லிகை மணமும் ஏர்கோனின் ஈரக்கம்பள நாற்றமும் ஒன்றாகக் கலந்து தொண்டையில் உட்கார, மழைக்கு இருண்டுபோன பிற்பகலில், காலி நாற்காலிகளுக்கு நடுவே அவன் மட்டும்.

அவர்கள் விற்பது முகம் பார்த்துத் திறக்கும் கதவுப் பூட்டு. எல்லா வீட்டுக்கும் ஒரே டெம்ப்ளேட்தான். பூட்டு பதிந்து வைத்திருக்கும் ஒவ்வொரு முகத்துக்கும் அதில் ஒரு வரி, வரியில் பெயருக்கு ஒரு காலி இடம். பில்ட் ஓடும்போது ஒரு நிரல் லைப்ரரி அந்த இடங்களில் பெயர்களைப் போட்டு நிரப்பும். பெயர் கிடைக்காவிட்டால் பில்ட் சிவந்து நின்றுவிட வேண்டும்.

கிள்ளானில் அவன் வீட்டிலும் அதே பூட்டு, ஊழியர் விலைக்கழிவில் வாங்கியது. வீட்டில் அவனும் மனைவி கௌசலாவும் மட்டும்.

திரையில் அவன் வீட்டுப் பூட்டுக்கான வரிகள் மூன்று இருந்தன. மூன்றாவதில் பெயரில்லை.

கூட வேலை பார்க்கும் வாசுவுக்குப் போன் போட்டான். வாசு ரவாங்கில் யாரோ வீட்டு ராயா விருந்தில் இருந்தான்.

"டேய், என் வீட்டு செட்டிங்ல கைய வெச்சியா?"

"என் கை இப்ப ரெண்டாங் கறியில இருக்கு லா."

"பேர் இல்லாமலே பில்ட் பாஸாகியிருக்கு."

"ஓ, அதுவா. பேர் இல்லன்னாலும் நிக்காத, காலியா விட்டுட்டுப் போன்னு நேத்து மாத்தி வெச்சேன். லீவுல எவன் வந்து சிவப்பு லைட்ட பார்ப்பான்? காலியா இருந்தா என்ன, பூட்டு கடிச்சிருமா?"

"வரி எப்படிடா வந்துச்சு? லைப்ரரி காலி இடத்தத்தான் நிரப்பும், ஆளப் பெத்துப் போடாது."

வாசு மெல்லுவதை நிறுத்தினான். "முகத்த உள்பக்கப் பெனல்லதானே பதிய முடியும். வீட்டுக்குள்ள நின்னு." குரல் தாழ்ந்தது. "பாஸ்... சிஸ்டர் பகல்ல தனியாத்தானே இருக்காங்க?"

சிவேந்திரன் போனை வைத்தான்.

கௌசலா மருத்துவமனையில் இரவு வேலை. பகலெல்லாம் வீட்டில் தூக்கம். தூக்கம் என்றுதான் சொல்வாள். போன வாரம் சின்க்கில் மூன்று தேநீர்க் கோப்பைகள் கிடந்தன, அவனே கழுவி வைத்தான். குளியலறையில் ஒரு துண்டு எப்போதும் ஈரமாக இருந்தது, அவள் துண்டு என்று நினைத்திருந்தான். ஒவ்வொன்றாக ஞாபகம் வர வர, ஏர்கோன் குளிர் சட்டைக்குள் இறங்கியது.

அவளை அழைத்தான்.

"வீட்டுக்கு யாராச்சும் வந்தாங்களா?"

"தூங்குறவள எழுப்பிக் கேக்குற கேள்வியா இது? யாரு வருவா?" கொட்டாவி. "என்னா சந்தேகமா? கட்டிலுக்கு அடியில ஒருத்தன், அலமாரியில ஒருத்தன். போதுமா?"

அவள் சிரிப்புக்குப் பின்னால், தூரத்தில், கதவின் வரவேற்புக் குரல் கேட்டது.

"செலாமாட் டாத்தாங்..."

அதன் பிறகு பெயர் வர வேண்டும். வரவில்லை. ஒரு பெயர் அளவுக்கு மௌனம்.

"கதவ யாரு திறக்கிறா?" என்றான்.

"நீ செஞ்ச பூட்டு, நீதான் சொல்லணும். மழைக்குக் கோளாறு லா." வைத்துவிட்டாள்.

வாசு மாற்றியதைத் திருப்பிப் போட்டு பில்டை ஓட்டினான். சிவந்து நின்றது. மூன்றாம் ஆளுக்குப் பெயர் இல்லை என்றது. இப்போது அந்த வரியை அழித்து அனுப்பினால் போதும், கதவு மறுபடி அந்த ஆளுக்குத் திறக்காது. விரல் அழிக்கும் பட்டனுக்குப் போனது. நின்றது. யார் என்று பார்த்துவிட்டு அழிக்கலாம்.

முகப் படத்தைத் திறந்தான்.

ஒரு தலையின் பின்புறம். ஈர முடி. அவ்வளவுதான். பூட்டு அதை முகம் என்று ஏற்றிருந்தது.

திரை பச்சையானது. அவன் எதையும் தொடவில்லை.

மூன்றாவது வரியில் பெயர் இருந்தது. சிவேந்திரன். அவனுடையதாக இருந்த முதல் வரி காலி.

அவளை அழைத்தான். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. பூட்டின் உள்பக்கக் கேமராவைத் திறந்தான்.

கூடம். ஈரக் காலடிகள். அவனுடைய நீலச் சட்டையில் யாரோ நாற்காலியில், கேமராவுக்கு முதுகு காட்டி. எதிரே கௌசலா, தூக்கக் கலக்கத்தில், கையில் துண்டு.

"குடை எடுத்துட்டுப் போறதுக்கென்ன, சிவா?" தலையைத் துவட்டினாள். "அங்கிட்டுத் திரும்பிக்கிட்டா எப்படி? இந்தப் பக்கம் திரும்பு."

இரு கைகளாலும் அந்தத் தலையைத் தன் பக்கம் திருப்பினாள். கேமராவுக்குக் கன்னம் இருக்க வேண்டிய பக்கம் தெரிந்தது. முடி.

"திரும்பு லா."

இன்னும் திருப்பினாள். முடி.

இன்னும்.