ஈயமலைக் கோட்டையில் ஒரு வெற்றிலைச் சுருள்

அந்தி மயங்கும் வேளை. கதிரவன் மேற்கு வானமெங்கும் செம்பஞ்சுக் குழம்பை வாரியிறைத்தவாறு இறங்கிக்கொண்டிருக்க, கீழே கருவேணி ஆறு அந்தச் செம்மையில் சிறிதும் பங்குகொள்ளாமல் சாம்பல் நிறமாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஆற்றைக் குறை சொல்லிப் பயனில்லை, அன்பார்ந்த வாசகர்களே! ஈயமும் துத்தநாகமும் உருக்கும் உலைகள் அம்மலைச் சரிவெங்கும் ஓயாமல் புகைந்தன. கரிக்காக வெட்டி வெட்டி, அங்கே மரம் என்று சொல்லத்தக்கதாய் எஞ்சியிருந்தது கோட்டைக் கதவு ஒன்றுதான்.

அக்கதவைக் கடந்து நெடுங்கரை நாட்டுத் தூதுவர் அமுதனார் உள்ளே சென்றார். வெற்றிலைப் பெட்டியுடன் அவரைப் பின்தொடர்ந்த அடைப்பைக்காரி உண்மையில் இளவரசர் மாறவேளின் மனைவி பூதிமங்கை. போரில் சிறைப்பட்ட மாறவேளைத் திருப்பித் தருவதாக ஈயமலைத் தலைவர் கருங்கோட்டரையர் சொல்லியனுப்பியிருந்தார். மகன் வந்துவிட்டால், அக்கரையில் பாசறையிட்டிருக்கும் அரசர் படையுடன் ஊர் திரும்புவார். வராவிட்டால் மலைமேல் பாய்வார். அமுதனார் இளவரசரைத் தேர்மேல் தொலைவில் கண்டதோடு சரி. ஆகவே ஆளை அடையாளம் காண மனைவியே வேடம் பூண்டு வந்தாள். சபையில் அவளை ‘ஏடி’ என்று அழைக்கவேண்டியிருக்கும் என்பதற்காக அமுதனார் வழி நெடுக மன்னிப்புக் கேட்டுத் தீர்த்திருந்தார்.

சபாமண்டபத்தில் அரையரின் விருந்தோம்பலைப் புலவர் ஒருவர் நெடிய பாட்டில் புகழ்ந்து கொண்டிருக்கையில், பட்டுப் போர்வை போர்த்திய ஒருவரைக் காவலர் கைத்தாங்கலாக அழைத்துவந்து அமர்த்தினர். கன்னங்கள் ஒட்டி, கண்கள் குழிந்து கிடந்தன. ஆயினும் பூதிமங்கை கண்டவுடன் அறிந்தாள். அவரேதான்.

வில்லுக்குப் பெயர்போன இளவரசர் இப்படியா இருப்பார் என்று அமுதனார் ஐயுற்றார். மலைக்காற்று சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை என்றார் அரையர்.

“அப்படியானால் தாம்பூலம் தரிக்கட்டும். ஏடி, கொடு.”

அவள் சுருளை நீட்டினாள். போர்வைக்குள்ளிருந்து வந்த கை, மணிக்கட்டில் முறிந்த தாமரைத் தண்டுபோல் தொங்கியது. மறுகையும் அவ்வாறே. சுருள் தரையில் விழ, சபையில் யாரோ சிரித்தார்கள்.

பூதிமங்கை வேறொரு சுருள் மடித்து, அருகில் குனிந்து, தன் கையாலேயே அவர் வாயில் வைத்தாள். திறந்த வாயில் ஈறுகளின் ஓரமெங்கும் நீலக் கோடு! வரும் வழியில், உலை வாசல்களில் குந்தியிருந்த கைதிகளின் வாயிலும் அதே கோட்டைக் கண்டிருந்தாள். அவர்களுக்கும் அதே தொங்கும் கைகள். விருந்தாளியை அரையர் எங்கே வைத்து உபசரித்தார் என்பது விளங்கிற்று.

“பூதி, நான் மாறவேள் இல்லை என்று சொல்லிவிடு” என்றார் அவர், மெல்லுகிற சாக்கில்.

“மாட்டேன்.”

“என் வீரர்கள் எல்லாரும் உலையில் சாகிறார்கள். போரிலேயே மாண்டார்கள் என்று அப்பாவை இவன் நம்பவைத்திருக்கிறான்.”

“மாமாவிடம் நான் சொல்கிறேன்.”

“கேட்பார், வருந்துவார். பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போவார்.”

மாமனாரை அவளும் அறிவாள்.

“உங்களை இவன் கொன்றுவிட்டால்?”

“அதற்குள் படையோடு வாருங்கள்.”

அவள் நிமிர்ந்தாள். “இவர் எங்கள் இளவரசர் அல்லர், ஐயனே.”

“நான் உலைக்கூலி, ஐயா. பட்டு கொடுத்தார்கள், போர்த்திக்கொண்டேன்” என்றார் மாறவேள்.

கருங்கோட்டரையர் பதறியெழுந்து, இவர்தாம் மாறவேள் என்று குலதெய்வத்தின்மேல் ஆணையிட்டார். வாழ்நாளில் முதன்முறையாக அவர் உண்மை பேசினார், ஒருவரும் நம்பவில்லை. காவலர் பட்டை உருவிக்கொண்டு கைதியை மீண்டும் புகைக்குள் நடத்திச் சென்றனர். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

நடு ஆற்றில் படகு செல்கையில் நிலவு எழுந்தது. போலியைக் கண்ட நுட்பத்தை அமுதனார் வியந்து பாராட்டினார்.

“அவர் என் கணவர்தாம்” என்றாள் பூதிமங்கை, நடந்ததையும் சொன்னாள்.

அமுதனார் ஈயமலையைத் திரும்பிப் பார்த்தார். “தேவி, மன்னரிடம் நான் என்னவென்று சொல்வேன்?”

“மகன் இறந்துவிட்டான் என்று சொல்லும். இல்லையேல் மாமா மறுபடியும் பேரம் பேசப் போவார்.” மடியில் கிடந்த தன் வலக்கையை அவள் நோக்கினாள். “கடைசிக் கைதி அம்மலையிலிருந்து இறங்கும்வரை இந்தக் கை என் வாய்க்கு உணவு கொண்டுபோகாது. பிறர் ஊட்டினால் உண்பேன். ஊட்டாவிட்டால் பட்டினி கிடப்பேன். இது என் ஆணை.”