மோதிரக் குழி

அப்பாவின் கட்டில் பட்டை பட்டையாக வீட்டுக்குத் திரும்பி வந்தது. மர அறுப்புக்காரர் வண்டியிலிருந்து எல்லாவற்றையும் சமையலறையில் இறக்கிவிட்டு, ஒரு பட்டையை மட்டும் தனியாக எடுத்து மகனிடம் காட்டினார். அதன் ஓரத்தில் கட்டைவிரல் அமுங்கும் அளவுக்கு ஒரு குழி.

"இதை இழைச்சு எடுத்துடவா? யாரோ ரொம்ப நாளா தட்டித் தட்டி விழுந்த மாதிரி இருக்கு."

"வேண்டாங்க. அதுல கருப்பு ரெசின் ஊத்துனா கண்ணாடி மாதிரி இறுகி டிசைனா நிக்கும்."

அப்படிச் சொல்ல அவனுக்கு எப்படித்தான் வாய் வந்ததோ.

தட்டியது யார் என்று அவனுக்குத் தெரியாதா என்ன? பக்கவாதத்தில் பேச்சுப் போனபிறகு அப்பாவுக்கு மிஞ்சியது வலது கையும் அதிலிருந்த வெள்ளி மோதிரமும்தான். தாகம் எடுத்தால் கட்டில் ஓரத்தில் மூன்று தட்டு. முதலில் மகனும் மருமகளும் ஓடினார்கள். பிறகு நடந்தார்கள். அதற்கும் பிறகு அவன் மனைவிக்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்தான்.

"தட்டுனா தட்டட்டும். டீவி சத்தத்தைக் கூட்டு. ஒரு தடவை போனா ஓயாம கூப்பிடுவாரு."

அவளும் கூட்டினாள். வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம் தட்டல் தானாக நின்றது. அன்றைக்கு இருவரும் நிம்மதியாகத் தூங்கினார்கள். மறுநாள்தான் அப்பா கிடந்த பின்னறைக் கதவைத் திறந்தார்கள். வீங்கிய விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றச் சோப்பு போட வேண்டியிருந்தது. இப்போது அது மகனின் விரலில் கிடக்கிறது.

கைவேலையில் அவன் கெட்டிக்காரன், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. பட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிப் பசை தடவினான். கிளாம்ப் போட்டு இறுக்கினான். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, அடுப்புக்குப் பக்கத்தில் அழகான சமையல் மேடையாக்கிவிட்டான். குழி முன்பக்க ஓரத்துக்கு அருகில், எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் இருந்தது.

மேடையை ஏற்றிய அன்றே அது தொடங்கியது.

டொக். டொக். டொக்.

"உங்களுக்குக் கேக்கலையா?" மனைவியின் முகம் வெளுத்திருந்தது.

"மரம் காயுது. காயும்போது சத்தம் வரத்தான் செய்யும்."

"மரம் மூணு மூணாவா காயும்? இது நிக்கலேன்னா நான் எங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவேன். விளையாட்டுக்குச் சொல்லல."

அதில்தான் அவன் ஆடிப்போனான். அவளும் போய்விட்டால் அந்த வீட்டில் அவனும் அந்தச் சத்தமும் மட்டும்தான். ரெசின் ஊற்றினால் எல்லாம் அடங்கிவிடும் என்று சமாதானம் சொன்னான். முதலில் மெல்லிசாக ஒரு பூச்சு பூசி மரத்தின் துளைகளை அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் காற்று குமிழியாகக் கிளம்பும் என்று டப்பாவிலேயே போட்டிருந்தது. அது காய ஒரு நாள் ஆகும். அவனுக்குப் பொறுமை இல்லை.

அன்று மத்தியானமே ஜன்னலைச் சாத்தினான். ஈர ரெசினில் தூசி விழக்கூடாது என்று சமையலறை வாசலில் பிளாஸ்டிக் தாளை உள்ளிருந்தே ஒட்டினான்.

"நான் கூப்பிடாம உள்ள வராத. தட்டுற சத்தம் கேட்டா என்ன பண்ணணும்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்" என்றாள்.

ரெசினையும் அதை இறுக வைக்கும் ஹார்டனரையும் கலந்து ஊற்றினான். குழிக்குக் கருப்பு, மற்ற இடத்துக்குக் கண்ணாடி நிறம். தேன் மாதிரி பரவியது. நெடி மூக்கில் ஏறியது. குமிழிகள் கிளம்பின. வலது கையுறையைக் கழற்றிவிட்டு, சூடான காற்று ஊதும் கருவியைக் காட்டினான். எல்லாம் உடைந்து அடங்கின.

குழியில் மட்டும் அடங்கவில்லை.

ஒரு குமிழி எழும். உடையும். சற்றுப் பொறுத்து இன்னொன்று.

மூச்சு விடுவதுபோல.

அவன் குனிந்தான். நோயாளி அறையின் வாடை வந்தது. மூத்திரமும் மருந்தும் கலந்த, மூடிக்கிடந்த அறையின் வாடை. எரிச்சலோடு இடது கை விரலைக் குழியில் வைத்து அமுக்கினான்.

குழி அவன் விரலைப் பிடித்துக்கொண்டது.

இழுத்தான். இன்னும் உள்ளே போனது. உள்ளங்கை ரெசினில் அப்பிக்கொண்டது. இறுக இறுக ரெசின் சுட்டது, கையுறை உருகித் தோலோடு ஒட்டியது. கருவி கை நழுவித் தரையில் விழுந்தது. கத்த வாயைத் திறந்தான். வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. நாக்கு புரளவில்லை. காற்று மட்டும் வந்தது.

தாகம். அப்படி ஒரு தாகத்தை அவன் அறிந்ததே இல்லை.

தண்ணீர்க் குழாய் எதிரில்தான் இருந்தது. எட்டவில்லை.

வலது கையிலிருந்த மோதிரத்தால் மேடை ஓரத்தில் தட்டினான்.

டொக். டொக். டொக்.

கூடத்தில் அவள் எழுந்து நிற்கும் அரவம் கேட்டது. அவனுக்கு உயிர் வந்தது. மறுபடியும், பலம் கொண்டமட்டும் தட்டினான்.

டீவி சத்தம் கூடியது.

சாயங்காலம் காபிக்குக் கூப்பிட்டும் பதில் வராமல் போகவே அவள் பிளாஸ்டிக் தாளைக் கிழித்தாள். அவன் மேடைமேல் கவிழ்ந்து கிடந்தான். வாய் கோணி, உதடு வெடித்திருந்தது. வந்தவர்கள் மேடையை அறுத்துத்தான் அவன் கையை எடுத்தார்கள்.

காரியமெல்லாம் முடிந்து ஆட்கள் போனபிறகு அவள் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பட்டப்பகல். சமையலறையில் மிச்சமிருந்த மேடையிலிருந்து சத்தம் வந்தது.

டொக். டொக். டொக். அது மாமனாருடையது. நிதானமாக, இடைவெளி விட்டு. அவளுக்குப் பழகிய தட்டல்.

அது ஓய்ந்ததும் இன்னொன்று தொடங்கியது. அவசரமாக, பொறுமையில்லாமல். டொக்டொக்டொக்.

அவள் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ரிமோட்டை எடுத்தாள்.