பதினொன்றுக்கு மூன்று நிமிடம்

சியாயி நகரத்தின் அந்தப் பழைய ஆஸ்பத்திரியில் சர்வர் அறை மூன்றாம் மாடியில், பிரசவ வார்டுக்கு நேர் மேலே இருந்தது. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் காலை, புது பேட்டரியும் ஒரு பச்சைப் பாக்கெட்டுமாகப் பெய்ஷான் உள்ளே நுழைந்தாள். குளிர்ந்த காற்றில் லேசாகத் தேங்காய் மணம் கலந்திருந்தது.

பாக்கெட் அவள் கொறிப்பதற்கு அல்ல. பிள்ளைகள் தின்னும் தேங்காய்ச் சுவைச் சோளப்பொரி அது. பச்சைப் பாக்கெட்டை மேலே வைத்தால் சர்வர் சொன்ன பேச்சு கேட்கும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. படித்தவர்களும் சிரித்துக்கொண்டே வைப்பார்கள், வைக்காமல் மட்டும் விடமாட்டார்கள். ஏற்கெனவே இருந்தது காலாவதியாகியிருந்தது. எடுத்தபோது கனமே இல்லை. குப்பையில் போட்டாள்.

ஆஸ்பத்திரியின் கடிகாரங்கள் எல்லாம் இந்த ஒரு சர்வரிடம்தான் நேரம் கேட்கும். அதுவோ தினமும் ஏழு நிமிடம் பின்னால் போய்த் தொலைத்தது. இன்று பார்த்துக் கீழே அவள் தங்கை சின்ஹுய்க்கு சிசேரியன். பதினொரு மணிக்குள் பிறக்க வேண்டும், தாண்டினால் அப்பனுக்கு ஆகாது என்று கோயில் ஜோசியர் சொல்லியிருந்தார்.

பேட்டரியை மாற்றினாள். இன்டர்நெட்டிலிருந்து சரியான நேரத்தை வாங்கி, சர்வரின் உள்கடிகாரத்தில் பதித்தாள். 10:41.

அடுத்த நிமிடம் பார்த்தாள். 10:35.

மறுபடி பதித்தாள். மறுபடி பின்னால் போனது.

மொறுக்.

சத்தம் சர்வருக்குப் பின்னாலிருந்து வந்தது. எட்டிப் பார்த்தாள். வயர்களைத் தவிர ஒன்றுமில்லை.

போன் அடித்தது. கீழேயிருந்து நர்ஸ் ஷூச்சின்.

"பெய்ஷான், கடிகாரம் திரும்பவும் பின்னால போகுது. இது தூ மாமா வேலைதான்."

"யாருக்கா அது?"

"உனக்கு முன்னாடி அங்க இருந்தவரு. அவரு பையன் பதினொண்ணு அஞ்சுக்குப் பிறந்தான், மூச்சே விடல. நல்ல நேரத்துக்குள்ள பிறந்திருந்தா பொழைச்சிருப்பான்னு பொலம்பிக்கிட்டே தினமும் கடிகாரத்தைப் பின்னால தள்ளுவாரு. அந்த நாற்காலியிலதான் செத்தாரு."

பெய்ஷான் நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டாள்.

விபத்துக் கேஸ் ஒன்று குறுக்கே வந்ததில் சின்ஹுய்யின் சிசேரியன் தாமதமானது. அவள் கைக்கடிகாரம் பதினொன்றைத் தாண்டி மூன்று நிமிடம் காட்டியபோது தங்கை கணவன் போயென் கூப்பிட்டான்.

"அக்கா, இப்பதான் ஆபரேஷன் ஆரம்பிச்சாங்க. தியேட்டர் கடிகாரத்துல இன்னும் பதினொண்ணு ஆகல. அதைச் சரிபண்ணிடாதீங்க."

"ஊரை ஏமாத்தச் சொல்றியா தம்பி? எனக்கு இதுக்குத்தான் சம்பளம்!"

"தாண்டிப் பிறந்தா தத்துக் குடுத்துடணும்னு எங்க அம்மா ஒத்தைக்கால்ல நிக்கிறாங்கக்கா."

மருந்து, ரத்தம், ஊசி எல்லாவற்றுக்கும் நேரம் எழுதும் சர்வர் இது. ஏழு நிமிடத்தில் என்ன வேண்டுமானாலும் ஆகலாம். ஆனால் கீழே கிடப்பது சின்ஹுய்.

இன்டர்நெட்டிலிருந்து சரியான நேரம் வரும் நெட்வொர்க் வயரைத் தன் கையாலேயே பிடுங்கினாள்.

"தூ மாமா, இந்த ஒரு தடவை."

10:57.

அங்கேயே நின்றது.

மொறுக் மொறுக் என்று வேகமாகக் கேட்டது. பிறகு அதுவும் ஓய்ந்தது.

தரைக்கு அடியிலிருந்து ஒரு குழந்தையின் அழுகை. அவள் கைக்கடிகாரத்தில் பதினொன்று ஐந்து.

கீழே பிறந்த நேரத்தைப் பதிந்து முடித்திருப்பார்கள் என்று தோன்றியதும் வயரைத் திரும்பச் சொருகினாள். சர்வர் மறுபேச்சின்றிச் சரியான நேரத்தை வாங்கிக்கொண்டது. ஐந்து நிமிடம் கண் கொட்டாமல் பார்த்தாள். முதல்முறையாக அது பின்னால் போகவே இல்லை. அப்பாடா என்றிருந்தது. நன்றி சொல்வதுபோலப் பச்சைப் பாக்கெட்டைத் தட்டினாள்.

அது அவள் விரலுக்கடியில் அமுங்கியது.

பாக்கெட்டின் வாய் ஒட்டியபடியே இருந்தது. உள்ளே ஒரு பொரிகூட இல்லை.

போன் அடித்தது. ஷூச்சின் குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"அம்மாவும் பிள்ளையும் நல்லா இருக்காங்க. ஆனா பெய்ஷான், பயப்படாம கேளு. இன்னும் ஒரு சொட்டுப் பால்கூடக் குடுக்கல. குழந்தை வாயில தேங்காய் வாசம் அடிக்குது."