பையின் அடியில் பம்ப்கின்

சங்கமித்ராவின் சடையைப் பார்த்தாலே அன்றைக்கு அதைப் பின்னியது யார் என்று ஜீவனஹள்ளியில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஒரு சடை காதுக்கு மேலேயும் இன்னொன்று தோளுக்குக் கீழேயும் தொங்கினால், அது அப்பாவின் கைவேலை.

அநேகமாகத் தினமும் அப்பாவின் கைவேலைதான். அம்மா சரளா அடுகோடியில் ஒரு ஹாஸ்டலில் சமையல் வேலை செய்தாள். விடிவதற்கு முன்பே கிளம்பினால்தான் பஸ் கிடைக்கும். சங்கமித்ரா கண் விழிக்கும்போது அம்மா இருக்கமாட்டாள்.

"சல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ, கண்ணு" என்று பாதிக் கன்னடத்தில் கெஞ்சுவார் அப்பா ரவி, "கொஞ்சம்" என்பதற்குப் பதில். எந்தச் சந்திலும் ஆட்டோவை நுழைத்துவிடும் அவருக்குச் சடை மட்டும் பிடிபடவே இல்லை.

ஒரு திங்கட்கிழமை அப்பா நல்ல சேதியோடு வந்தார்.

"என் ஆட்டோல வர்ற ஹெர்பர்ட் சாருக்குச் சமைக்க ஆள் வேணுமாம். காக்ஸ் டவுன்தான், நடந்தே போயிடலாம். ஒம்பது மணிக்குப் போனா போதும்."

அம்மாவின் முகம் மலர்ந்தது. அதைவிட அதிகமாக மலர்ந்தது சங்கமித்ராவின் முகம். காலையில் அம்மா வீட்டில் இருப்பாளே!

"ஆனா அவரு நாப்பது வருஷம் ஆஸ்திரேலியாவுல இருந்தவரு. இங்கிலீஷ் தவிர ஒண்ணும் வராது. சனிக்கிழமை சாமான் சொல்வாராம். சரியா வாங்கிட்டு வந்தாத்தான் வேலை. முன்னாடி இருந்தவங்க புதினா கேட்டா கொத்தமல்லி வாங்கிட்டு வந்தாங்களாம்."

"தமிழ் பேசுவேன், கன்னடம் பேசுவேன், கறிக்கடை பாய்கிட்ட உருதுகூடப் பேசுவேன்" என்றாள் அம்மா. "இங்கிலீஷுக்கு நான் எங்க போறது?"

"நான் இருக்கேன்ல?" என்றாள் சங்கமித்ரா.

பள்ளியில் தமயந்தி மிஸ் ஆங்கிலச் சொற்களைச் சீட்டில் எழுதிக் கதவு, ஜன்னல், மேசை என்று எல்லாவற்றிலும் ஒட்டுவார். முதலில் தொட்டுச் சொல்பவருக்கு ஒரு நட்சத்திரம். சங்கமித்ராவிடம் பதினேழு நட்சத்திரங்கள் இருந்தன.

அதே போலச் சமையலறை டப்பாக்களில் சீட்டு ஒட்டினாள். உப்புக்கு சால்ட், மஞ்சளுக்கு டர்மரிக், கடுகுக்கு மஸ்டர்ட், வெல்லத்துக்கு ஜாகரி என்று மொத்தம் பதினான்கு. அவள் சொல்லிக்கொடுக்க, அம்மா தொட்டுத் தொட்டுச் சொன்னாள். புதன்கிழமைக்குள் ஒன்றுகூடத் தவறாமல் சொல்லத் தொடங்கிவிட்டாள்.

வியாழக்கிழமை எல்லாமே தலைகீழானது. சர்க்கரை டப்பாவைத் தொட்டு "டர்மரிக்" என்றாள் அம்மா. அடுத்ததும் தப்பு. அதற்கடுத்ததும் தப்பு.

"சீட்டைப் பாரும்மா!"

"பாத்துட்டுதான்டி சொல்றேன்" என்று அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

டீ டம்ளரோடு அப்பா எட்டிப் பார்த்தார். "சர்க்கரை தேடுறப்போ டப்பாவெல்லாம் மாத்தி வச்சுட்டேனே, அதுவா?"

சங்கமித்ராவுக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மாவுக்கு ஆங்கில எழுத்தே தெரியாது! மகள் ஆசையாக ஒட்டியதாயிற்றே என்று வாய் திறக்காமல், பதினான்கு டப்பாக்களையும் வரிசையாக மனப்பாடம் செய்திருக்கிறாள்.

அதைக் கவனிக்காமல் போனோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆச்சரியமாகவும் இருந்தது. பதினான்காம் வாய்ப்பாடு அவளுக்குப் பாதியிலேயே நின்றுவிடும்!

"எப்படிம்மா மறக்காம இருக்கு?"

"சிவாஜிநகர் மார்க்கெட்டுக்கு நான் எழுதிட்டா போறேன்? மனசுக்குள்ளயே பையை அடுக்கிடுவேன். கனமானது அடியில, நசுங்குறது மேல. நடுவுல காலியா இருந்தா, எதையோ மறந்துட்டேன்னு அர்த்தம்."

சங்கமித்ரா எல்லாச் சீட்டுகளையும் பிய்த்துப் போட்டாள். மார்க்கெட் பையைக் கொண்டுவந்து நடு வீட்டில் விரித்தாள்.

"அடியில என்னம்மா?"

"பூசணிக்காய்."

"பம்ப்கின்."

"பம்ப்கின்" என்று சொல்லி, கனமான காயை இறக்குவது போல அம்மா வெறுங்கையைப் பைக்குள் விட்டாள்.

பம்ப்கினுக்கு மேல் கியூகம்பர். அதற்கு மேல் ஜிஞ்சர். ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து சொல்லிவிட்டுத்தான் புதியதை வைக்க வேண்டும். நான்காவதிலேயே அப்பா அவுட். ஒன்பதாவதில் சங்கமித்ரா அவுட். அம்மா இருபதாவதாக உச்சியில் "மின்ட்" என்று புதினாக்கட்டை வைத்துவிட்டுச் சிரித்தாள். மறுநாளும் அதே விளையாட்டுதான்.

சனிக்கிழமை வந்தது. ஹெர்பர்ட் சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு சீட்டை மடமடவென்று படித்தார். பன்னிரண்டு சாமான்கள். வரிசையும் கிடையாது, உச்சியில் வைக்க வேண்டிய முட்டை, அதாவது எக்ஸ், முதலில், பம்ப்கின் கடைசியில்!

அவர் சீட்டை நீட்டினார். அம்மா வாங்கவில்லை. கண்ணை மூடினாள். அவள் விரல்கள் கீழே, நடுவில், மேலே என்று அசைந்தன. வாசலில் நின்ற சங்கமித்ரா தன் வாயை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள்.

மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் அவளால் பொறுக்க முடியவில்லை. "எல்லாம் ஞாபகம் இருக்காம்மா?"

"பேசாம வாடி, முட்டை உடைஞ்சிடும்" என்றாள் அம்மா.

திரும்பி வந்ததும், அம்மா பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர் சொல்லி மேசையில் வைத்தாள். ஹெர்பர்ட் சார் சீட்டில் டிக் அடித்துக்கொண்டே வந்தார். பன்னிரண்டும் சரி!

ஆனால் அம்மா பையை மடிக்கவில்லை. அடியில் இன்னும் ஒரு பொட்டலம் இருந்தது.

"சார், சால்ட்?"

"நோ, நோ. ஐ டிட் நாட் சே சால்ட்" என்றார் அவர்.

அம்மா விடாமல் அடுப்பு மேடையைக் காட்டினாள். அவர் எழுந்து போய் உப்பு டப்பாவைத் திறந்தார். கவிழ்த்தார். ஒரு கல் உப்புகூட விழவில்லை.

ஹெர்பர்ட் சார் கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கி விழும்வரை சிரித்தார். "மண்டே! நைன் ஓ க்ளாக்!"

"உப்பு தீர்ந்துபோனது உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்று வெளியே வந்ததும் கேட்டாள் சங்கமித்ரா.

"தெரியாதுடி. இத்தனை சாமான் சொன்னாரே, உப்பு சொல்லலையேன்னு தோணுச்சு. பையில அந்த இடம் காலியாவே இருந்துச்சு."

இப்படி ஒரு அம்மாவுக்கு எத்தனை நட்சத்திரம் கொடுத்தாலும் தகும் என்று நினைத்துக்கொண்டாள் சங்கமித்ரா.

திங்கட்கிழமை காலை. கண்ணாடி முன்னால் சங்கமித்ரா உட்கார்ந்திருந்தாள். பின்னால் அம்மா. ஒரு சடை நேராக, அழகாக முடிந்திருந்தது. இரண்டாவது சடை பாதியில் இருந்தது; ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பின்னல்.

"பம்ப்கின், கியூகம்பர், ஜிஞ்சர்..." என்று நிறுத்தினாள் சங்கமித்ரா.

"அப்புறம்?"

"மறந்துபோச்சும்மா."

"இன்னாடி நீ! அவிழ்த்துடுவேன் பாத்துக்கோ. அடியிலேர்ந்து மறுபடி சொல்லு!"

அடுத்தது கார்லிக் என்று சங்கமித்ராவுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் சொல்லிவிட்டால் சடை சீக்கிரம் முடிந்துவிடுமே!