பதினோரு வீட்டு அவரைக்கொடி

"யார் வீட்டுல கொத்தமல்லி அழுகுது?"

மாடியிலிருந்து நீலா அத்தை போட்ட சத்தத்தில் புனே ஏரவாடாவின் அந்தச் சின்னச் சந்தே திரும்பிப் பார்த்தது.

"எங்க வீட்டுல இல்ல!" என்றார் கீழ்வீட்டு மரியம்மாள், பாத்திரம் தேய்த்தபடியே.

"எங்க வீட்டுலயும் இல்ல!" என்று எதிர்வீட்டு சுனில் கத்தினான். "ஆனா நாத்தம் மட்டும் இங்கயும் வருது!"

அந்த நேரம் பார்த்துக் காய்கறி வண்டிக்காரர் சந்துக்குள் நுழைந்தார். அவருக்குப் போதாத காலம். காய் வாங்கினால் ஒரு கொத்து கொத்தமல்லியை அவர் சும்மா கொடுப்பார்.

"சும்மா குடுக்கிறதுன்னா அழுகினதைத்தான் குடுக்கணுமா?" என்று நாலு பக்கமிருந்தும் அவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

வண்டிக்காரர் தன் கொத்தமல்லிக் கட்டை ஒவ்வொருவர் மூக்குக்கும் நேராக நீட்டினார். பச்சைப்பசேலென்று, பனி ஈரம்கூடக் காயாமல் இருந்தது அது.

இத்தனை கூத்திலும் மரியம்மாளின் மகள் ஸ்டெல்லா மட்டும் வாயே திறக்கவில்லை. ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். சும்மா இருக்கிற ஆளே இல்லை. இன்று சும்மா இருந்தாள் என்றால், காரணம் அவளுடைய மூடிய கைக்குள் இருந்தது.

ஒரு பச்சைப் பூச்சி.

ஐந்து நிமிடத்துக்கு முன்னால்தான் அதைத் தன் அவரைக்கொடியில் பிடித்திருந்தாள். விரல் நகம் அளவுதான். முதுகு கேடயம் மாதிரி. தொட்டதுதான் தாமதம், குப்பென்று அழுகின கொத்தமல்லி வாடை!

கொடி ஸ்டெல்லாவுடையது. மாடிப்படிக்குக் கீழே இரண்டு பழைய பெயிண்ட் டப்பாக்களில் மண் நிரப்பி அவள்தான் விதைத்தாள். அது இரும்புப் படியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறி, நீலா அத்தையின் வாசல்வரை போய், ஊதாப் பூவும் பிஞ்சுமாக நின்றது.

முதல் பூ பூத்த அன்றே ஸ்டெல்லா சந்தின் நடுவில் நின்று அறிவித்துவிட்டாள். "இந்தப் போகிக்கு யாரும் அவரைக்காய் வாங்காதீங்க. பதினோரு வீட்டுக்கும் நான் தரேன். வீட்டுக்கு ஒரு பிடி!"

புனேயில் போகி என்றால் பழைய பாயைக் கொளுத்துவது இல்லை. அன்று எல்லா வீட்டிலும் ஒரே சமையல்தான். அவரை, கேரட், கத்தரி, பச்சைக்கடலை எல்லாம் போட்டு, எள்ளுப்பொடி தூவி ஒரு கூட்டு. தொட்டுக்கொள்ளக் கம்பு ரொட்டி. அவரைக்காய் இல்லாத கூட்டை அந்தச் சந்தில் யாரும் கூட்டு என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

போகிக்கு இன்னும் இரண்டே வாரம்.

"சீ! சீ! என் சாயில பூச்சி!"

நீலா அத்தை கண்ணாடி டீ டம்ளரைக் கையில் பிடித்தபடி தடதடவென்று இறங்கி வந்தார். டம்ளருக்குள் ஒரு பச்சைப் பூச்சி நீந்திக்கொண்டிருந்தது. அவர் டம்ளரைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார், பிறகு ஸ்டெல்லாவைப் பார்த்தார்.

வண்டிக்காரர் சத்தம் காட்டாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு தப்பித்தார்.

"அரே, நாத்தம் இங்கேருந்துதான் வருதா? நேத்து என் தலகாணியில ஒண்ணு. முந்தாநாள் துணியில ரெண்டு. இன்னிக்குச் சாயில. நாளைக்கு எங்க, என் வாயிலயா? இந்தக் கொடியை வெட்டு!"

"வெட்ட மாட்டேன்."

"என்ன சொன்ன?"

"வெட்ட மாட்டேன் அத்தை. பூச்சி உங்க சாயில விழுந்தா பூச்சியைத் திட்டுங்க. கொடி என்ன பண்ணுச்சு?"

"ஏட்டி! பெரியவங்ககிட்ட என்ன பேச்சு இது?" என்று அம்மா அதட்டினார்.

"பேசட்டும் மரியம்மா, பேசட்டும்," என்றார் நீலா அத்தை. "வெட்ட மாட்டாளாம்ல? அடுத்த ஞாயித்துக்கிழமை மருந்துக்காரரை வரச் சொல்றேன். ஒரே அடி. எல்லாப் பூச்சியும் காலி."

"போகிக்கு முன்னாடி மருந்தடிச்சா அந்தக் காயை யார் தின்பாங்க? நான் பதினோரு வீட்டுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்!"

"அது உன் பாடு."

"சரி, ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க. பூச்சியை நான் பாத்துக்கிறேன்."

"நீயா? எத்தனை பூச்சி இருக்குன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது," என்றாள் ஸ்டெல்லா. "எண்ணிட்டுச் சொல்றேன்."

அன்று மாலைவரை ஸ்டெல்லாவும் சுனிலும் படியில் உட்கார்ந்து பூச்சிகளையே பார்த்தார்கள்.

"இது கடிக்கவே இல்லையே," என்றான் சுனில். "காய் முழுசாத்தான் இருக்கு."

"கிட்ட வந்து பாரு. ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ரா மாதிரி வாய். காய்க்குள்ள குத்தி உறிஞ்சுது." ஸ்டெல்லா ஒரு காயை உரித்தாள். வெளியே ஒன்றிரண்டு புள்ளிதான். உள்ளே இருந்த விதையோ சூம்பிப்போயிருந்தது.

பிடிப்பது சுலபமாக இல்லை. கையை நீட்டினால் பூச்சி தண்டின் மறுபக்கம் போய் ஒளிந்துகொண்டது. இன்னும் நெருங்கினால் பறந்தது. சுனில் ஒன்றைத் துரத்தி, படியில் முட்டி, நெற்றியைத் தேய்த்துக்கொண்டு வந்தான்.

மறுநாள் காலை தண்ணீர் பிடிக்க எழுந்த ஸ்டெல்லா சும்மா ஒரு கிளையைத் தட்டிப் பார்த்தாள். ஜனவரிக் குளிர். பூச்சிகளும் விறைத்துப்போயிருந்தன. ஒன்றுகூடப் பறக்கவில்லை. பொத்துப் பொத்தென்று விழுந்தன!

"சுனில்! எழுந்திருடா! பக்கெட் கொண்டு வா!"

சோப்புத் தண்ணீர் நிறைந்த பக்கெட்டை அவன் பிடிக்க, அவள் கிளை கிளையாகத் தட்டினாள். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவதற்குள் எழுபத்திரண்டு.

கையை மூன்று முறை கழுவியும் வாடை போகவில்லை. வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்த தேஜஸ் மூக்கைப் பிடித்துக்கொண்டான்.

"டீச்சர், ஸ்டெல்லா நாறுறா!"

வகுப்பே சிரித்தது. ஸ்டெல்லாவுக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் அவள் கையை மறைக்கவில்லை. எழுந்து நின்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

"ஆமா, நாறுது. இன்னிக்குக் காலைல எழுபத்திரண்டு பூச்சி பிடிச்ச கை. நீ எத்தனை பிடிச்ச?"

தேஜஸ் மூக்கிலிருந்து கையை எடுத்தான். சாப்பாட்டு மணி அடித்ததும் அவனே வந்து, "நிஜமாவே எழுபத்திரண்டா?" என்று கேட்டான்.

செவ்வாய்க்கிழமைதான் இலைகளின் அடிப்பக்கம் அவள் கண்ணில் பட்டது. அங்கே முட்டைகள்! குட்டிக் குட்டி ஜாடிகளை நெருக்கி அடுக்கியது போல, வரிசை பிசகாமல். சில இலைகளில் வெள்ளை முட்டைகள். சிலவற்றில் கறுப்பு. எதையும் பார்க்காமல் ஏழெட்டு இலைகளைக் கிள்ளி நசுக்கினாள்.

புதன்கிழமை மறுபடியும் ஒரு கறுப்பு முட்டை இலை கிடைத்தது. இந்த முறை அவள் கை நின்றது.

"ஒரே பூச்சி. ஒரே கொடி. முட்டை மட்டும் ஏன் ரெண்டு நிறம்?"

"கறுப்பு அழுகிப்போனதா இருக்கும். தூக்கிப் போடு," என்றான் சுனில்.

"அழுகினதுன்னு உனக்கு யார் சொன்னா?"

"ம்... முட்டையையே கேளு."

"கேக்கத்தான் போறேன்."

வெள்ளை முட்டை இலையை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டாள். கறுப்பு முட்டை இலையை இன்னொன்றில். இரண்டின் வாயையும் மெல்லிய துணியால் மூடி, ரப்பர் பேண்ட் போட்டு, ஜன்னலில் வைத்தாள்.

"ஏட்டி, ஊறுகாய் பாட்டிலை எடுத்துட்டியா?" என்று அம்மா கேட்டார்.

"ஊறுகாயை டம்ளருக்கு மாத்திட்டேன்மா."

"டம்ளர்லயா!"

சனிக்கிழமை மாலை. ரஞ்சன்காவ் தொழிற்சாலையிலிருந்து திரும்பிய அப்பா சின்னதுரை செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஸ்டெல்லா அவருடைய போனைப் பிடுங்கிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினாள்.

முதல் பாட்டிலில் வெள்ளை முட்டைகள் பொரித்திருந்தன. குண்டூசித் தலை அளவுக் குஞ்சுகள், பந்தியில் இடம் பிடித்தவர்கள் மாதிரி ஓடுகளைச் சுற்றி நெருக்கி உட்கார்ந்திருந்தன.

இரண்டாவது பாட்டிலில் குஞ்சு ஒன்றுகூட இல்லை. தூசி மாதிரி ஏதோ பறந்தது.

ஸ்டெல்லா போன் கேமராவைப் பெரிதாக்கிப் படம் எடுத்தாள். தூசிக்கு இறக்கை இருந்தது. ஆறு கால் இருந்தது. ஒட்டிப்போன இடுப்பு இருந்தது.

"குளவி!" என்று கூவினாள். "அப்பா, கடுகுல பாதி கூட இல்லாத குளவி!"

"பூச்சி முட்டையில குளவி எப்படி வரும்?" என்றார் அப்பா.

ஸ்டெல்லா யோசித்தாள். முட்டை போட்டது பூச்சி. வெளியே வந்தது குளவி. அப்படியானால் பூச்சிக்குஞ்சு எங்கே போயிற்று?

"குளவி வந்து பூச்சி முட்டைக்குள்ள தன் முட்டையை வச்சிருக்கு. குளவிக்குஞ்சு உள்ளேயே எல்லாத்தையும் தின்னுட்டு வெளிய வந்திருக்கு!"

"உவ்வே!" என்றான் சுனில்.

"என்னடா உவ்வே? நாம ரெண்டு பேர் மட்டும் சண்டை போடுறோம்னு நினைச்சோம். நமக்கு ஒரு படையே இருக்கு!" சட்டென்று அவள் முகம் சுருங்கியது. "ஐயோ, செவ்வாய்க்கிழமை கறுப்பையும் சேர்த்து நசுக்கிட்டேனே..."

படிக்கு ஓடிப்போய் இரண்டாவது பாட்டிலைத் திறந்தாள். தூசிகள் கொடிக்குள் பறந்து மறைந்தன. அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை.

மருந்துக்காரர் முதுகில் டப்பாவும் கையில் குழாயுமாக வந்தபோது ஸ்டெல்லா முதல் படியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பக்கக் கைப்பிடியையும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"எழுந்திரு," என்றார் நீலா அத்தை மேலிருந்து.

"மாட்டேன்."

"மரியம்மா! உன் பொண்ணைப் பாரு!"

அம்மா வாசலுக்கு வந்து மருந்துக்காரரைப் பார்த்தார். ஸ்டெல்லாவையும் பார்த்தார். "ஒரு வாரமா இருட்டோட எழுந்து பாடுபட்டிருக்கா நீலா. என்ன சொல்றான்னு கேளேன்," என்றார்.

"சீக்கிரம் சொல்லு."

"திங்கக்கிழமை எழுபத்திரண்டு பூச்சி. இன்னிக்குக் காலைல ஒன்பது. மருந்து இல்லாமலே!"

"அந்த ஒன்பது?"

"நாளைக்கும் தட்டுவேன். இதைப் பாருங்க." ஸ்டெல்லா பாட்டிலையும் போனையும் நீட்டினாள். நீலா அத்தை மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறங்கி வந்தார். வெள்ளை முட்டையில் வந்த குஞ்சுகளைப் பாட்டிலில் பார்த்தார். கறுப்பு முட்டையில் வந்த குளவிகளைப் போனில் பார்த்தார்.

"குளவியா! பூச்சி போதாதுன்னு இது வேறயா? கொட்டாதா?"

"இதுக்கு நம்மளைக் கொட்டவே தெரியாது அத்தை. பூச்சி முட்டையைத் தேடிப்போய் அழிக்கும். மருந்தடிச்சா இதுவும் செத்துரும். அப்புறம் வேற எங்கேருந்தாவது பூச்சி வந்தா யார் தடுப்பா?"

"அதெல்லாம் சரி. என் தலகாணிக்கு வர்றதுக்கு என்ன பதில்?"

ஸ்டெல்லா இதை எதிர்பார்த்திருந்தாள். மடியிலிருந்து ஒரு பழைய கொசுவலையை எடுத்தாள். நேற்றே வெட்டி, ஓரம் மடித்துத் தைத்திருந்தாள். தையல் கொஞ்சம் கோணல்தான்.

"உங்க ஜன்னல் அளவு. இப்பவே கட்டித் தரேன். உங்க சாயில பூச்சி விழுந்தது தப்புதான். அதுக்கு ஸாரி. ஆனா கொடியைத் தொட விடமாட்டேன்."

நீலா அத்தை கோணல் தையலைத் தடவிப் பார்த்தார்.

"நான் அடிக்கவா, போகவா?" என்றார் மருந்துக்காரர். "இன்னும் மூணு இடம் இருக்கு."

"போங்க அண்ணா. வந்ததுக்கு ஒரு சாய் குடிச்சிட்டுப் போங்க."

"பூச்சி போட்டதா, போடாததா அத்தை?" என்று சுனில் கேட்டுவிட்டு ஓடினான்.

"ஏய் பொண்ணு," என்று நீலா அத்தை விரலை நீட்டினார். "போகியன்னிக்கு ஒரு வீட்டுக்குக் குறைஞ்சாலும் நானே வெட்டுவேன்."

"குறையாது," என்றாள் ஸ்டெல்லா.

மறுநாள் விடியற்காலை அவள் கீழ்க்கிளைகளைத் தட்டிக்கொண்டிருந்தாள். மேலே டப் டப்பென்று சத்தம் கேட்டது. நீலா அத்தை சால்வையைத் தலையில் சுற்றிக்கொண்டு, கரண்டியால் தன் வாசல் கிளையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன பாக்கிற? உனக்கு இவ்வளவு உயரம் எட்டாது. பக்கெட்டைத் தள்ளு!"

போகியன்று காலை ஸ்டெல்லா கூடையோடு வீடு வீடாகப் போனாள். சில காய்களில் புள்ளி இருந்தது. ஒன்றிரண்டு கோணலாக இருந்தன. ஆனால் பிடி பிடிதான். பத்து வீடு முடித்துக் கடைசியாக மாடிக்குப் போனாள்.

நீலா அத்தை காய்களை விரித்துப் பார்த்து, ஒன்றை உரித்தார். உள்ளே விதை குண்டாக, பளபளவென்று இருந்தது.

"பதினொண்ணு," என்றாள் ஸ்டெல்லா.

"நானும் எண்ணிட்டுத்தான் இருந்தேன்," என்றார் நீலா அத்தை.

கீழே வந்தபோது அம்மா அடுப்பில் சட்டியை வைத்துவிட்டு வெறும் கூடையை எட்டிப் பார்த்தார்.

"என்னட்டி இது? ஊருக்கெல்லாம் குடுத்துட்டு வந்துட்ட. நம்ம கூட்டுக்கு?"

ஸ்டெல்லா நாக்கைக் கடித்துக்கொண்டாள். வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள். மாடிவரைக்கும் புதுப் பிஞ்சு.

"நமக்கு அடுத்த வாரம்மா," என்றாள். "கொடி எங்க போயிடப் போகுது?"