ஃப்ரீசரில் வைத்த டிஸ்க்

கம்ப்யூட்டர் தட்ட ஆரம்பித்திருந்தது. முதலில் மின்விசிறி என்றுதான் அவள் நினைத்தாள். தூசியும் சூடேறிய பிளாஸ்டிக்கும் கலந்து நாறும் அந்தப் பெட்டியில் காதை வைத்துக் கேட்டபோதுதான், சத்தம் ஹார்டு டிஸ்க்கிலிருந்து வருவது தெரிந்தது. டக். டக். யாரோ விரல் முட்டியால் கதவைத் தட்டுகிற மாதிரி.

கிழட்டுக் கம்ப்யூட்டர் போனால் போகட்டும், தலைமுழுகிவிடலாம். ஆனால் போன வருஷம் காய்ச்சலில் போய்விட்ட குட்டிப்பையனின் குரல் அதில் மட்டும்தான் இருந்தது. கண்ணாமூச்சி ஆடும்போது அலமாரிக்குள் ஒளிந்துகொண்டு, "அம்மா, கண்டுபிடி பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் களுக்கென்று சிரிப்பான். அவ்வளவுதான் பதிவு. வேறிடத்தில் ஏற்றி வைக்க வேண்டும் என்று நினைத்து நினைத்து, நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டே வந்திருந்தாள்.

கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் தம்பி போனில் ஒரு வழி சொன்னான். டிஸ்க்கைக் கழற்றி, பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வைத்தால் கொஞ்ச நேரம் உயிர் வருமாம். "ஒரு தடவதான்க்கா வேலை செய்யும். அதுக்குள்ள காப்பி பண்ணிரு."

அப்படியே கட்டி வைத்துவிட்டு அன்று படுத்த பிறகும் சமையலறைப் பக்கம் டக், டக் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. கரண்ட் இல்லாத டிஸ்க் எப்படித் தட்டும்? ஃப்ரிட்ஜ்தான், பேசாமல் தூங்கு என்றார் கணவர். அவளும் போர்வையை இழுத்துக்கொண்டு திரும்பிப் படுத்தாள்.

காலையில் அவர் வேலைக்குப் போனதும், ஃப்ரீசருக்குள் அவசரமாகக் கையைவிட்டு எடுத்துக்கொண்டு ஓடிவந்து மாட்டினாள். டிஸ்க் முனகிக்கொண்டே சுற்றியது. பதிவு முழுசாகக் காப்பி ஆகிவிட்டது. போட்டுக் கேட்டாள். "அம்மா, கண்டுபிடி பாக்கலாம்." சிரிப்பு. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தச் சிரிப்போடு முடிந்துவிடும், அவளுக்கு அது மனப்பாடம்.

முடியவில்லை.

மூச்சு வாங்கும் சத்தம். பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொள்ளும் சத்தம். பிறகு மெதுவாக, "அம்மா, குளிருதும்மா. எவ்ளோ நேரமா தட்டுறேன்."

ஒயரைப் பிடுங்கினாள். டிஸ்க் நின்றது. வீட்டில் ஒரு சத்தமில்லை.

டக்.

சமையலறையிலிருந்து.

வாசலைப் பார்த்து ஓடிய கால் பாதியில் நின்றது. பிள்ளை குளிருகிறது என்கிறானே. பெற்ற மனசு கேட்குமா? போய் ஃப்ரீசர் கதவை இழுத்தாள்.

உள்ளே யாருமில்லை. கதவின் உட்புறம் படிந்திருந்த பனி முழுக்கச் சின்னச் சின்னக் கை அச்சுகள். நகத்தால் பிறாண்டிய கோடுகள். எல்லாம் ராத்திரியே உறைந்து இறுகியிருந்தன. ஓரத்தில் ஒன்று மட்டும் ஈரமாக இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அதன் பக்கத்தில் இன்னொரு குட்டிக் கை மெதுவாகப் பதிந்தது.